இருபது லட்சம் புள்ளிகளில் உன் முகம்

அன்பு மகள் எம்னாவுக்கு, துனிசியா, கைருவானிலிருந்து அம்மா மப்ரூக்கா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் பாபாவும் நலம், அவருடைய முழங்கால் நலம், அவருடைய குரல் அதைவிட நலம். அந்த ஜெர்மனி லைப்ஸிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் பாபா பக்கத்தில் வந்து நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார், அது எங்கே இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

நாங்கள் புது டிவி வாங்கியது உனக்குத் தெரியும், ஏன் வாங்கினோம் என்பது தெரியாது. உன் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் பாட்டுக் குழு மேடையேறுகிறது, இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று நீ லிங்க் அனுப்பினாயே, அன்றைக்கே அவர் ரிதா கடைக்குப் போய்ச் சுவரளவு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். இந்தச் சின்னப் பெட்டியில் மகளின் முகம் தெரியாது, அவள் பல்லை எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். அவர் ஆசையில் தப்பில்லை மகளே. மருதாணி போட்ட கையோடு உன் கல்யாணம் நின்றுபோன அந்த வாரத்திலிருந்து நீ மனம்விட்டுச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. அப்படியேதான் விமானம் ஏறினாய். போனில் வந்தால் எப்போதும் பேருந்தில் இருக்கிறாய், பாதி முகம், பாதி ஜன்னல், நல்லா இருக்கேன் யம்மா என்று ஒரு வரி, அதற்குள் உன் நிறுத்தம் வந்துவிடும்.

அன்று மாலை உன் அத்தை நஜேத் வந்தாள், மாடி வீட்டுக்காரர்கள் வந்தார்கள், நான் பைன் கொட்டை போட்டுத் தேநீர் வைத்தேன். நீ விட்டுப்போன கம்ப்யூட்டரை உன் பாபா டிவியோடு ஒயரில் இணைத்தார். இங்கேதான் அவர் ஒரு வேலை செய்தார். முப்பது வருஷம் கைருவானுக்கும் சூஸுக்கும் பேருந்து ஓட்டிய மனிதர் இல்லையா, வண்டி நடுவழியில் நின்றால் அவருக்கு ஆகாது. விருந்தாளிகள் முன்னால் படம் நின்று நின்று சுற்றினால் மானம் போய்விடும் என்று, படத்துக்குக் கீழே இருக்கும் அந்தப் பல்சக்கரக் குறியைத் தட்டி, அதில் விரிந்த எண் வரிசையில் கடைசியில் இருந்ததை அமுக்கிவிட்டார். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் மேடையில் மனுஷர்கள் இல்லை, ஊறவைத்த ரொட்டிகள் நின்று பாடின. எல்லாருக்கும் ஒரே நீலத் துண்டு, ஒரே வெள்ளைச் சட்டை. எங்கே எம்னா, எங்கே எம்னா என்று ஆளாளுக்கு ஒரு ரொட்டியைக் காட்டினார்கள். கடைசியில் நஜேத் திரையில் விரலை வைத்து, “இவதான் அண்ணி, முன் வரிசையில ஓரமா நிக்கிறா பாருங்க, ஐயோ, எப்படித் துரும்பா எளைச்சுப் போயிருக்கா புள்ள” என்றாள். பார்த்தேன். ஒல்லியாக ஒருத்தி, தோள் தொங்கி, தலை குனிந்து, அடிக்கடி கையை வாய்க்குக் கொண்டுபோய் இருமுகிறாள். உன் உயரம், உன் தலைமுடிக் கருப்பு.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. உன்னிடம் கேட்டால் நல்லா இருக்கேன் என்பாய், அதை எப்படி நம்புவது? இப்படியே ஒரு வாரம் போனது. பிறகு ஒரு மதியம் உன் பாபா குஸ்குஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “போதும் மப்ரூக்கா. வேலையை எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்லப்போறேன். வரலைன்னா நானே போய்க் கூட்டிட்டு வருவேன். எம் பொண்ணு அங்க கெடந்து வாடணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு” என்றார். நானும் தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து உனக்குப் போன் போடுவதாக முடிவு.

நல்லவேளை, அதற்கு முதல்நாள் அவருக்கு ரிதாவோடு சண்டை போடத் தோன்றியது. கடைக்குப் போய், டிவின்னு சொல்லி மூடுபனியை வித்துட்டியே என்று கத்தி, அவனைக் கையோடு இழுத்து வந்துவிட்டார். ரிதா வந்து, இன்டர்நெட்டில் அப்படியே இருந்த அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தான், பல்சக்கரத்தைத் தட்டினான், சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஹேதி அண்ணே, டிவி மேல பழி போடாதீங்க. இருநூத்தி நாப்பதுல வச்சிருக்கீங்க. நீங்க குடுக்கிறதைத்தானே அது காட்டும்” என்றான். அது என்ன இருநூற்று நாற்பது என்று கேட்டேன். மேலிருந்து கீழே அத்தனை வரிசைப் புள்ளிகள் என்றான். வரிசைக்கு எத்தனை என்றேன், நானூற்றுச் சொச்சம் என்றான். அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. கம்பளத்தைத் திருப்பிப் போட்டு, ஒரு சாணுக்கு எத்தனை முடிச்சு என்று எண்ணித்தானே நம் ஊரில் தர முத்திரை குத்துகிறார்கள்? மொத்தம் ஒரு லட்சம் முடிச்சில் மேடையையும் அறுபது பேரையும் முடித்தால் ஒருத்தர் மூஞ்சிக்கு எத்தனை முடிச்சு கிடைக்கும்? மூக்குக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. இவர் வாங்கி வந்த திரையில் எண்பது லட்சத்துக்கு மேல் புள்ளி இருக்கிறதாம். அங்கே ஒரு லட்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் ஒவ்வொன்றையும் இழுத்து எண்பது இடத்தில் பூசத்தான் செய்யும். திரை பெரிதாக ஆக அழுக்குத்தான் பெரிதாகத் தெரியும். சின்ன டிவியாக இருந்திருந்தால்கூட இவ்வளவு மோசமாக இருந்திருக்காது என்றேன். உன் பாபா என்னை முறைத்தார்.

அப்படியானால் நிறைய முடிச்சுள்ள படம் எங்கே என்று கேட்டேன். உங்கள் ஆட்கள் ஆயிரத்து எண்பது வரிசையில் எடுத்திருக்கிறார்களாம், இருபது லட்சம் புள்ளி, அதுதான் ஃபுல் எச்டி. எண்பது லட்சத் திரைக்கு அது கால் பங்குதான், ஆனாலும் முகம் தெரிய அது தாராளம் என்றான் ரிதா. ஆனால் நம் வீட்டு இன்டர்நெட் அதைச் சுமக்காது, மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் தன் கடையில் முழுசாக இறக்கி, விரலளவு பென் டிரைவில் போட்டு வந்து டிவிக்குப் பின்னால் செருகினான். கடையில் பளபளவென்று காட்டுவதற்காக ஏற்றி வைத்திருந்த கலரையும் குறைத்தான். அதுவரை ஜெர்மனிக்காரர்கள் எல்லாரும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது பூசிய நிறத்தில் இருந்தார்கள்.

எம்னா, அந்த ஒல்லிப் பெண் நீ இல்லை. முகமெல்லாம் புள்ளிப் புள்ளியாக மச்சம், வேறு யாரோ ஒரு தாயின் பிள்ளை. உன்னை மூன்றாம் வரிசை நடுவில் கண்டுபிடித்தோம், ஒரு நெட்டை மனிதருக்குப் பக்கத்தில். இரண்டாவது பாட்டு முடிந்து, கையசைத்துப் பாட்டு நடத்துகிற அம்மாளின் காகிதமெல்லாம் சரிந்து விழுந்ததே, அப்போது கேமரா தற்செயலாக உன் பக்கம் திரும்பியது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எங்களுக்காகப் போனில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. மூக்கு சுருங்கி, ஓரம் உடைந்த அந்தப் பல் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. உன்னை யாரோ பார்க்கிறார்கள் என்றே உனக்குத் தெரியாது. உன் பாபா படத்தை அங்கேயே நிறுத்தினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். செய்தி கேட்டு ஓடி வந்த நஜேத், “இவளா? நல்லா உருண்டு தெரண்டுல்ல இருக்கா. அந்த நெட்டையன் யாரு அண்ணி” என்றாள். நெட்டையானவனும் எங்கேயாவது நின்றுதானே பாட வேண்டும் என்றேன். எனக்கு அப்போது யார்மேலும் கோபம் வரவில்லை மகளே, அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை உன் பாபா சொன்னபடி போன் போட்டார். என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும், பாட்டு நல்லா இருந்துச்சு, இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே பாடு என்றாரே, அதற்கு நீ இது என்ன திடீரென்று என்று சிரித்தாயே, விஷயம் இதுதான். உன்னை இனி யாரும் கூட்டி வர மாட்டார்கள். உனக்கு வரத் தோன்றும்போது வா.

கம்பளிக் காலுறை இல்லாமல் வேலைக்குப் போகாதே. இனி வீடியோ எடுத்தால் மெசேஜில் அனுப்பாதே, அது நசுக்கிப் பிழிந்து சக்கையைத்தான் தருகிறதாம், முழு ஃபைலாக அனுப்பு. இதோடு ஒரு டப்பா பேரீச்சம்பழ மக்ரூத் பலகாரம் வருகிறது, பாதிதான் உனக்கு. மீதியை முன் வரிசை ஓரத்தில் நிற்கும் அந்த மச்சக்காரப் பெண்ணிடம் கொடு. நீ என்று நினைத்து அவளுக்காக அத்தனை நாள் அழுதேன், துஆ செய்தேன், அதைத் திருப்பி வாங்க முடியாது, வாங்கவும் மனமில்லை. அவள் இருமலுக்கு என்ன, சாப்பிடுகிறாளா என்று கேள். அவளுடைய அம்மா எந்த ஊரில் உட்கார்ந்து எந்தக் கலங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ. அந்தப் பெண்ணின் பெயரை எனக்கு எழுது, பெயர் தெரியாமல் துஆ செய்வது கஷ்டமாக இருக்கிறது.

அல்லாஹ் உன்னை அந்தச் சிரிப்போடேயே வைத்திருக்கட்டும், உன் உடம்புக்கும் கைக்கும் பலம் தரட்டும்.

உன்னை முழுசாகப் பார்த்துவிட்ட
அம்மா,
மப்ரூக்கா