பூசி மறைத்த தோல் படையில் மறுபடி சதை எடுக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி,
வயது ஐம்பத்து மூன்று,
தோல் பிரிவு வெளிநோயாளி எண் 4417.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் படையிலிருந்து இரண்டாம் முறை சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க அனுமதி மறுக்கப்படுவது குறித்தும், முதல் முறை வீணானது என்னால்தான் என்று ஒப்புக்கொள்வது குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். சுவரில் நிறைய எழுதியிருக்கிறேன், அதிகாரிக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு இரண்டு வருடமாகத் தோலில் ஒரு படை இருக்கிறது. எந்த இடத்தில் என்று எழுதக் கூச்சமாக உள்ளது. இந்த மனுவை நின்றுகொண்டே எழுதுகிறேன் என்றால் தாங்கள் புரிந்துகொள்வீர்கள்.

2. தோல் மருத்துவர் படையில் சிறு துண்டு சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அதுவரை களிம்பு எதுவும் போடக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். நானும் தெளிவாகத் தலையாட்டினேன். ஆனால் சதை எடுக்கும் நாளில் மாணவர்கள் எட்டுப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். வீடு பார்க்க ஆள் வருகிறது என்றால் ஈரம் ஊறிய சுவரில் பட்டி பார்த்து ஒரு கோட் அடித்து வைப்பது முப்பது வருடப் பழக்கம், ஐயா. கை சும்மா இருக்கவில்லை. மருந்துக்கடைக் களிம்பைப் பத்து நாள், தினம் இரண்டு வேளை பூசினேன். குறித்த நாளில் மருத்துவரே படையைத் தேட வேண்டியிருந்தது. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

3. 'அழற்சியா, தோலில் தொடங்கும் புற்றுநோயா எனப் பிரித்துச் சொல்ல இயலவில்லை' என்று அறிக்கை வந்தது. நுண்ணோக்கியில் பார்த்த டாக்டரம்மா என்னை வரவழைத்து, என் சதையைச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டைக் காட்டினார். ரோஸும் ஊதாவுமாக என் தோல். அப்படி ஒரு கலவை நான் எந்தச் சுவருக்கும் கொடுத்ததில்லை. ஏதாவது பூசினீர்களா என்று கேட்டார். கொஞ்சமாக என்றேன். கூட வந்த மகள் மூன்று டியூப் என்று திருத்தினாள். அதற்கு அவர் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது:

"அழற்சின்னா இந்த அணுக்கள் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போயிடும். புற்றுநோய்னா வீட்டையே எடுத்துக்கும். உங்க களிம்பு எல்லாரையும் விரட்டிடுச்சு. காலி வீட்டைப் பார்த்து யார் இருந்தாங்கன்னு நான் எப்படிங்க சொல்றது?"

வெளியே வந்ததும் என் மகள், "ஆஸ்பத்திரிக்கு மேக்கப் போட்டுட்டு வந்த ஆளு நீ ஒருத்தன்தான்பா" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு பஸ்ஸில் வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

4. நான்கு வாரம் களிம்பை நிறுத்திவிட்டு மறுபடி வரச் சொன்னார்கள். நிறுத்திவிட்டேன். படை தன் பழைய களையோடு திரும்பி வந்துவிட்டது. தோல் மருத்துவர் சீட்டும் எழுதிக் கொடுத்தார். ஆனால் பதிவு ஜன்னலில் இருப்பவர், ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்குள் இன்னொரு முறை சதை எடுக்க விதி இல்லை என்கிறார். "அறிக்கை குடுத்தாச்சு, உங்க கேஸ் முடிஞ்சு போச்சு" என்றார். மருத்துவமனையில் நின்றுகொண்டு கேட்கிற வார்த்தையா ஐயா அது? அவரைக் குறை சொல்லவில்லை. தங்கள் கையொப்பம் இல்லாமல் கம்ப்யூட்டர் திறக்காதாம்.

5. ஆறு மாதம் பொறுக்க நான் தயார். வீட்டில்தான் நிலைமை சரியில்லை. கல்யாணமான நாள் முதல் என் மனைவி என்னைத் திட்டாத நாள் இல்லை. அறிக்கை வந்ததிலிருந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. பெயிண்ட் கையோடு கதவைத் தொட்டேன், பேசாமல் துடைத்துவிட்டுப் போனாள். கேட்காமலே இரண்டாம் முறை பரிமாறுகிறாள். நுண்ணோக்கியில் என்ன தெரிந்தாலும் தாங்கிக்கொள்வேன், இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

6. ஆகவே இரண்டாம் சதைக்கு அனுமதி அளித்து, பழைய கண்ணாடித் துண்டையும் புதியதையும் அதே டாக்டரம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். இன்னொன்று. இன்று தோல் பிரிவு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சட்டைப்பையிலிருந்து டியூபை எடுத்து முழங்கையில் தடவிக்கொள்வதைப் பார்த்தேன். 'படையை உள்ளபடியே கொண்டு வரவும்' என்று காத்திருப்புக் கூடச் சுவரில் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது. பெயிண்டும் பிரஷும் என்னுடையவை. எழுதித் தருகிறேன்.

முடிவு எதுவானாலும் சீக்கிரம் தெரிந்தால், என் வீட்டில் எனக்குச் சேர வேண்டிய திட்டு பழையபடி கிடைக்கும். அதற்குத் தங்கள் ஒரு கையொப்பம் போதும்.

நாள்: களிம்பை நிறுத்திய முப்பத்திரண்டாம் நாள்
இடம்: தங்கள் அலுவலக வாசல், பெஞ்சுக்குப் பக்கத்தில்

இப்படிக்கு,
பணிவுடன் நின்றுகொண்டிருக்கும்
பெயிண்டர் (எண் 4417)

இணைப்பு: அறிக்கை நகல், தோல் மருத்துவர் சீட்டு, மகள் பறிமுதல் செய்த டியூப் மூன்று.
இணைக்க இயலாதது: படை. நேரில் கொண்டு வந்திருக்கிறேன், எதுவும் பூசவில்லை.