காதில் விழுந்த மூன்று சொற்கள்

மதினி,

இன்று காலை அண்ணனின் மூக்குக்கண்ணாடியைத் தேடியபோது உங்கள் கிளினிக் அட்டை கையில் பட்டது. ஆசுபத்திரி மருந்து வாசம் இன்னும் போகவில்லை. மூன்று வருடமாக அதைத் திறக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

கினிகத்தேனை டவுன் துணிக்கடையில் நாலு வருடம் நின்றவள் நான். விலை சொல்லவும் பேரம் பேசவும் போதுமான சிங்களம்தான் அது. ஆனால் நீங்கள், "எங்க நாத்தனா சிங்களத்துல பொளந்து கட்டும்" என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கப் பெருமை பேசினீர்கள். நானும் நெளியாமல் கேட்டுக்கொண்டேன்.

நிணநீர்ப் புற்றுநோய்க்காக உங்கள் மண்ணீரலை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்டர் கூப்பிட்டார். அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் வேலையாக இருந்தார். போனது நாம் இருவர்தான். டொக்டர் மாஸ்க்குக்குள்ளிருந்து வேகமாகப் பேசினார். என் காதில் விழுந்தவை மூன்றே சொற்கள். உண, கெதர, எபா. காய்ச்சல், வீடு, வேண்டாம். எல்லாம் புரிந்தவள்போல "ஹரி, ஹரி", சரி சரி, என்று தலையாட்டினேன்.

"என்ன புள்ள சொல்றாரு?" என்றீர்கள்.

மறுபடி சொல்லச் சொல்லியிருக்கலாம். கேட்டால் என் சிங்களத்தின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடுமே! கொரோனா நேரத்தில் காய்ச்சல்காரர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. "காய்ச்சல் வந்தா வீட்டுலயே இருக்கணுமாம் மதினி, இங்க வர வேணாமாம்" என்றேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள், பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த நீங்கள் நடுங்கிக்கொண்டு வந்தீர்கள். உடம்பு கொதித்தது. ஆட்டோ கூப்பிட ஓடிய அண்ணனைத் தடுத்தீர்கள். டொக்டர் வர வேண்டாம் என்றதைச் சொன்னால் அவர் சண்டைக்குப் போய்விடுவார் என்று அதை மறைத்தே வைத்திருந்தீர்கள். "வேணாங்க, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சா சரியாப் போயிரும்." அவர் அடுப்படிக்குப் போனதும் என்னிடம், "டொக்டர்தான் வர வேணாம்னாரே, இல்ல புள்ள?" என்றீர்கள். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கிருந்த தமிழ் டொக்டர் அட்டையைப் பார்த்தார். "மண்ணீரல் இல்லாதவங்களுக்குக் கிருமி சட்டுனு உடம்பெல்லாம் பரவிரும். காய்ச்சல் வந்தா வீட்டுல இருக்க வேணாம், உடனே வாங்கன்னு சொல்லியிருப்பாங்களே?"

அந்த மூன்று சொற்களுக்கும் அப்போதுதான் அர்த்தம் விளங்கியது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அப்படி ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.

பாவி நான். உங்கள் உடம்பு அடுத்த அறையில் கிடக்க, அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

போன வாரம் வட்டவளையிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அண்ணன் அவரிடம், "சொல்பேச்சு கேக்காதவ சித்தப்பா. எவ்வளவோ கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டா" என்று அழுதார். நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். உண்மையை அவரிடம் இன்றும் சொல்லவில்லை.

நீங்கள் சொல்பேச்சு கேட்டுத்தான் செத்தீர்கள், மதினி. கேட்டது என் பேச்சை.