கூடையின் மேலே ஓர் உதிர்ந்த காய்

என்னவருக்கு,

எத்தனை தடவை சோப்புப் போட்டும் கையிலிருந்து மாம்பால் வாடை போகவில்லை. அதே கையோடுதான் எழுதுகிறேன்.

நீங்கள் கண்மூடியபின் வந்த முதல் ஸ்தோத்திரப் பண்டிகை இன்று; விளைந்ததைப் பீடத்தில் படைத்து நன்றி சொல்லும் நாள். ஆலயத்துக்குப் போவதில்லை என்று ஒரு வாரமாக வீம்பாக இருந்தேன். பாகாலாவில் நம் மாந்தோட்டத்தில் கிளை முறியக் காய்த்திருக்கிறது. பார்க்க நீங்கள் இல்லை. எதற்கு நன்றி சொல்வது? கோபம்தான் வந்தது.

காலையில் தோட்டத்தைச் சுற்றியபோது, காற்றில் உதிர்ந்து கன்றிப்போன கிளிமூக்கு மாங்காய் ஒன்று கிடந்தது. எடுத்தேன். பால் கையில் வழிந்தது. அந்தச் சூறைக்காற்று வருஷம் நினைவுக்கு வந்துவிட்டது.

பறிப்புக்குப் பத்து நாள் இருக்கையில் அத்தனையும் தரையில். பொறுக்கியெடுத்த நல்ல காயைத்தான் நம் சபையில் பீடத்தில் படைப்பார்கள். நீங்களோ அடிபட்டதையெல்லாம் கூடையில் அடுக்கினீர்கள்.

“மானத்த வாங்காதீங்க. இத்த மாடு கூட துன்னாது” என்றேன்.

வருஷா வருஷம் இருவருமாகப் பிடித்துப் போகும் கூடையை அன்று நான் தொடவில்லை. கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

சபை மூப்பர் உங்களை வழிமறித்தார். “இன்னாப்பா, ஆண்டவருக்கு அடிபட்டதையா கொண்ணாருவாங்க?”

“நல்லது ஒண்ணும் மிஞ்சலீங்க. காய்ச்சாத்தான் அவரு ராஜா, காத்தடிச்சா இல்லேன்னு ஆயிடுமா? என்னிக்கும் அவருதான ராஜா.”

பிறகு பாடினீர்கள். தெலுங்குக்காரர்கள் தெலுங்கிலும் நாம் தமிழிலும் ஒரே மெட்டில் பாடுகையில், உங்கள் குரல் மட்டும் மூன்றாவது பாஷை மாதிரிக் கேட்கும். சுருதி உங்களுக்குச் சேர்ந்ததே இல்லை.

அன்று உங்களோடு நடக்காதது இத்தனை வருஷமும் உறுத்திக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அதனால் போனேன். நல்ல காயாகப் பறித்து நிரப்பி, அந்த உதிர்ந்த காயை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அதே மூப்பர்தான் வாசலில் நின்றார். வயதாகிவிட்டது, கண் மட்டும் இன்னும் கூர்மை.

“இன்னாம்மா, மேல இருக்கிறது அடிபட்டுக்குதே?”

“இந்த வருசம் எனக்கு ரெண்டுந்தானுங்க நடந்துச்சு. ரெண்டையும் கொண்ணாந்துகிறேன்.”

மூப்பர் நீங்கள் பிடிக்கும் பக்கத்தில் வந்து கூடையைப் பிடித்துக்கொண்டார். பீடம் வரை நடந்தோம்.

பாட்டு ஆரம்பித்தது. உங்கள் குரல் இல்லாமல் எல்லாம் ரொம்பச் சரியாக இருந்தது, எனக்குத் தாங்கவில்லை. வாய் திறந்தேன். அழுகையில் எனக்கும் சுருதி சேரவில்லை.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் சத்தமாகப் பாடினேன்.