கிளியம்மாள் எடுத்த ஏரிப் படம்

மண்ணூர்
9-9-1991

அன்புள்ள எஸ்தருக்கு, நான் சுகம். உன் தலைவலி குறைந்ததா? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே கம்பெனி நண்பர்கள் ஞாயிறுதோறும் ரத்தினம் வீட்டில் கூடி, நாங்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்டிக் கருத்துச் சொல்வோம். நேற்று ரத்தினம் ஓர் ஏரிப் படத்தை வைத்தார். நான் முந்திக்கொண்டு, "வானம் வெறும் வெள்ளையா கெடக்கு, கரை கோணலா இருக்கு. இதெல்லாம் ஒரு படமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரத்தினம் சிரிக்கவில்லை. டீ கொண்டுவந்த அவர் மனைவி கிளியம்மாள் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் எடுத்ததுண்ணா. இதான் மொதோ படம். வானம் வெளுக்காம வர்றதுக்கு இன்னா பண்ணணும்?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் ஃபில்டர் போட வேண்டும் என்று முணுமுணுத்தேன். அப்புறம்தான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். தண்ணீரில் மேகம் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. அதைச் சொன்னேன்.

"இப்பதான் பாத்தீங்களா?" என்று கிளியம்மாள் கேட்டார்.

உடனே உன் ஞாபகம் வந்தது. உன் கடிதத்தில் சிவப்பு மையால் பிழை திருத்தித் திருப்பி அனுப்பினேனே, அதன் பிறகு நீ நாலு வரிக்கு மேல் எழுதுவதில்லை. அதில் நீ எழுதியிருந்த விஷயத்துக்கு நான் பதிலே சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, எஸ்தர்.

அங்கே வீட்டில் என் பெட்டியில் மஞ்சள் ஃபில்டர் இருக்கிறது. கிளியம்மாளுக்குக் கொடுக்க வேண்டும், பார்சலில் அனுப்பு. கூடவே பெரிய கடிதமாக எழுது, எப்படி வருமோ அப்படியே. கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன்
ஞானதுரை