கவசம் தடுக்காத கார்டு

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது கார்டுப் பெட்டி கையில் வந்தது. திறந்ததும் பிளாஸ்டிக் உறைகளின் அதே வாசனை. மேலேயே கிடந்தது என் டிராகன் கார்டு. பார்த்ததும் முகம் சுட்டது. நீ போய் எட்டு மாதமாகிவிட்டது. உன்னிடம் சொல்லாத ஒன்று மட்டும் எனக்குள் அப்படியே கிடக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் நாம் கார்டு ஆடும் அந்த மாடிக் கடை. உன் முதல் இறுதி ஆட்டம், எதிரில் நான். ஜெயித்தவருக்குச் சிங்கப்பூர்ப் போட்டியில் இடம். மேரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தாய். என் டிராகனுக்குக் கவசம் போட்டிருந்தேன். அந்தச் சுற்றில் எந்த அடியும் அதற்குப் படாது. நீ வெகுநேரம் யோசித்து, எதிராளியின் கார்டை அழிக்கும் கார்டு ஒன்றை இறக்கினாய். இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாய். விதியில் சந்தேகம் வந்தால் நீ ஜட்ஜைக் கூப்பிடமாட்டாய், என்னைத்தான் கேட்பாய். எதிராளியாக உட்கார்ந்திருந்தபோதும் என்னையே கேட்டாய்.

"கவசம் இருக்குல்ல மச்சான், சாகாது லா" என்றேன்.

தெரிந்தேதான் சொன்னேன். அடிக்கு இத்தனை புள்ளி என்று எண்ணிக்கை உண்டு. கவசம் அதைத் தடுக்கும். அழிப்பதற்கு எண்ணிக்கையே கிடையாது. கவசம் இருந்தாலும் கார்டு நேராக மேசையை விட்டுப் போக வேண்டும். நீ சரியென்று தலையாட்டினாய். அடுத்த சுற்றில் தோற்றாய். நான் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறிய அன்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து வழியனுப்பினாய். அங்கே முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். எனக்கு நல்லா வேணும்.

பிறகு ஒரு சனிக்கிழமை, புதிதாக ஆட வந்த ஓர் அக்காவுக்கு நீ விளக்கிக்கொண்டிருந்தாய். பக்கத்து மேசையில் நான்.

"கவசம் அடியத்தான் தடுக்கும்கா. அழிக்கிற கார்டு வந்தா ஒன்னும் செய்ய முடியாது."

என் பக்கம் நீ திரும்பவே இல்லை. எப்போது தெரிந்துகொண்டாயோ. கலைத்த கார்டுகளையே நான் குனிந்து மறுபடி கலைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து, தே ஓ ஐஸா, காப்பியா என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தே ஓ ஐஸ் என்று மட்டும் சொன்னேன், வெட்கங்கெட்டவன். அதன்பின் நீ என்னிடம் எந்த விதியும் கேட்கவில்லை.

கிள்ளானில் உன் சாவு வீட்டில் உன் மனைவி, நீ எப்போதும் என்னைப் பற்றித்தான் பேசுவாய் என்றார். அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது யாராவது விதி கேட்டால், தெரிந்தாலும் சொல்ல வாய் வருவதில்லை. கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுகிறேன். என்னைப் பெரிய யோக்கியன் என்று நினைக்கிறார்கள்.

டேய், அன்னைக்கு என் டிராகன் செத்துருச்சுடா. நீதான் ஜெயிச்ச.