செல்லுபடியாகும் கையொப்பம்

ஜூன் 3

சோதனை அறைக் கதவுக்குப் புது ரப்பர் பட்டை போட்டாயிற்று. இனி வாசலில் லாரி போனாலும் உள்ளே தெரியாது. கேள்திறன் சோதனைக்கு அந்த நிசப்தம் வேண்டும்.

அறிக்கைப் பக்கங்களை ஒரே கோப்பாகச் சேர்க்க ஓர் இலவச மென்பொருளைச் சோதனைக் கணினியில் இறக்கிக்கொண்டேன். நன்றாக வேலை செய்கிறது. 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தியதோடு சரி. எதையும் படிக்கவில்லை.

ஜூன் 6

நான்கு வயதுக் குழந்தை. பேச்சு தெளியவில்லை என்று தாய் அழைத்து வந்திருந்தாள். ஹெட்ஃபோனில் சத்தம் கேட்கும்போதெல்லாம் டப்பாவில் ஒரு கட்டையைப் போட வேண்டும், அதுதான் விளையாட்டு. சமர்த்தாகப் போட்டாள். மிக மெல்லிய கீச்சொலிக்குக்கூடப் போட்டாள். கேள்திறன் இயல்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

"வயித்துல பால வார்த்தீங்க டாக்டர்" என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 7

விடுமுறை. துணி துவைத்தேன்.

ஜூன் 11

பணி ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தேன். நான் ஒலி எதுவும் அனுப்பாதபோதும் அழுத்திக்கொண்டே இருந்தார். காது இரைச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். வெளியே வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கு ஏதோ பரிசு விழுந்திருக்காம் டாக்டர். ஒரு பொண்ணு சொல்லுச்சு. ஒங்க மெஷினு நல்லாப் பேசுது."

அவர் போனதும் நானே உள்ளே உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஓர் இசைத் துணுக்கு. அப்புறம் அந்தப் பெண்ணின் குரல். வாழ்த்துகள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்.

விளம்பரம். ஹெட்ஃபோனில் மட்டும்தான் வருகிறது. வெளியே உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 12

சோதனைக் கருவியை விற்ற கம்பெனியின் எஞ்சினியரைப் போனில் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இலவசமா எதாவது எறக்கினீங்களா?"

அந்தக் கோப்பின் மீது வலது பொத்தானை அழுத்தி, 'பண்புகள்' என்பதைத் திறந்து, அதில் 'டிஜிட்டல் கையொப்பம்' என்ற பகுதிக்குப் போகச் சொன்னார். கையொப்பமே இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. செல்லுபடியாகும் என்று வேறு சொன்னது.

"அப்ப இது நல்ல கோப்புதானே?" என்றேன்.

"கையெழுத்து இருந்தா நல்லவன்னு அர்த்தமில்ல டாக்டர். போட்டது யாரு, போட்டதுக்கு அப்புறம் யாரும் கோப்புல கை வைக்கல. இந்த ரெண்டத்தான் அது சொல்லும். மென்பொருள் பேரு ஒண்ணு, கையெழுத்துப் போட்டவன் பேரு வேற ஒண்ணா இருந்தா உஷாராயிடணும். அங்க என்ன பேரு இருக்கு, படிங்க."

படித்தேன். மனதுக்குள். அவரிடம் "ஏதோ ஒரு கம்பெனி" என்றேன்.

தம்பி வேலை பார்க்கும் கம்பெனி.

"மத்தவங்க மென்பொருளக் கணினில ஏத்தற இன்ஸ்டாலர் செய்யறோம் அக்கா, ஒனக்கு வெளக்கினா தூக்கம் வரும்" என்று சொல்வான். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

ஜூன் 13

கணினியைச் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியாயிற்று. மூன்றாம் தேதிக்குப் பிறகு சோதித்த எல்லோரையும் திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட வேண்டும். வரவேற்பில் இருக்கும் பெண், "என்ன காரணம் சொல்றது மேடம்?" என்றாள். நடந்ததைச் சொல் என்றேன்.

ஜூன் 16

அந்தக் குழந்தை வந்தாள். அதே கட்டைகள், அதே டப்பா. தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குப் போட்டாள். கீச்சொலி தொடங்கியதும் கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் ஒலியைக் கூட்டினேன். காத்திருந்தாள். இன்னும் கூட்டினேன்.

இரண்டு காதிலும் உச்ச சுருதி ஒலிகள் கேட்கவில்லை. அன்று அவள் கட்டை போட்டது விளம்பரத்துக்கு.

தாயிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "இப்ப சொல்றதாவது நெசமா?" என்று மட்டும் கேட்டாள்.

காதுக் கருவி பொருத்த அடுத்த வாரம் வருகிறார்கள்.

ஜூன் 18

தம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து கேட்டேன்.

"அது வைரஸ் இல்லக்கா. வெறும் வெளம்பரம். ஒத்துக்கறீங்களான்னு கேட்டுட்டுத்தான் உள்ள போகுது."

"எங்க கேட்டுது?"

"மூணாவது பக்கத்துல. சின்ன எழுத்துல இருக்கும்." கொஞ்சம் சிரித்தான். "நாங்க ஒளிஞ்சு மறைஞ்சா செய்யறோம்? கம்பெனி பேர்ல கையெழுத்துப் போட்டுல்ல அனுப்பறோம். திருடன் கையெழுத்துப் போடுவானா?"

குழந்தையைப் பற்றிச் சொன்னேன். கட்டையைக் கன்னத்தில் வைத்திருந்ததையும் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. தட்டைக் கழுவி வைத்தான். செருப்பை மாட்டும்போது, "ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல போய் ஏறும்னு யாருக்குத் தெரியும்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூன் 20

தம்பியின் கம்பெனிக்குக் கையொப்பம் போடச் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். கோப்பையும் இணைத்தேன். அதற்கு முன் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது.

"அனுப்பு" என்றான். "அனுப்பாதேன்னு நான் எப்படிச் சொல்றது?"

ஜூலை 2

கோப்பின் ஒரு நகலை வீட்டுப் பழைய மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். திறப்பதில்லை, கையொப்பத்தை மட்டும் பார்ப்பேன். இன்று: 'இந்தச் சான்றிதழ் வழங்கியவரால் ரத்து செய்யப்பட்டது.'

சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 9

தம்பி போனை எடுக்கவில்லை.

ஜூலை 15

அவனே கூப்பிட்டான். மழை, சளி, புது வீட்டுக்காரர் என்று சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். கம்பெனி பெயரில் இனிச் சான்றிதழ் கிடைக்காதாம். தனி ஆள் பெயரிலும் வாங்கலாமாம். "எம் பேர்ல வாங்கலாம்னு முதலாளி சொல்றார்."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

"யோசி" என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? வேண்டாம்டா என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்?

ஜூலை 28

அதே இணையதளம், அதே மென்பொருள். இன்று மறுபடி இறக்கிப் பார்த்தேன். கையொப்பம் செல்லுபடியாகும்.

அவன் பெயர். முழுப் பெயர். முன்னால் அப்பாவின் முதலெழுத்து.

ஐயோ, ஏன்டா. போட்டவன் யாருன்னு எல்லாரும் பாக்கத்தானேடா அந்த எடமே இருக்கு. முதலாளி பேரு இல்ல, கம்பெனி பேரு இல்ல, ஒம்பேரு. அப்பா எழுத்து. இது எத்தன பேரு மெஷின்ல போய் உக்காரும்—

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன்.

ஜூலை 29

புகார்ப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன்.

"பாத்துட்டியா?" என்றான், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"பாத்தேன்."

"இந்தத் தடவையும் அனுப்புவே, இல்ல?"

"அனுப்பித்தான் ஆகணும்டா."

அவன் பக்கத்தில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அவன், "நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ" என்றான்.

ஏன் என்று கேட்கவில்லை. புகாரை நிரப்பி, அனுப்பாமல் வைத்தேன்.

ஜூலை 31

நேற்று முழுக்க அவனிடமிருந்து தகவல் இல்லை. இன்று காலை வேலைக்குக் கிளம்பும் முன் அனுப்பிவிடுவதென்று உட்கார்ந்தேன். கடைசியாக ஒருமுறை கையொப்பத்தைப் பார்த்தேன்.

'இந்தச் சான்றிதழ் வழங்கியவரால் ரத்து செய்யப்பட்டது.'

நான் இன்னும் அனுப்பவே இல்லையே.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்குக்கு வந்தான். வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவன் வந்ததே இல்லை. சவரம் செய்யாத முகம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யார் பேர்ல இருக்கோ அவங்களே கேட்டா ஒடனே ரத்து பண்ணிடறாங்கக்கா. ஒரு கேள்வி கேக்கல."

"ஆபீஸ்ல?"

"அவங்களும் ஒரு கேள்வி கேக்கல. பையை எடுத்துட்டுப் போன்னாங்க."

என் சாப்பாட்டு டப்பாவில் இருந்ததில் பாதியை மூடியில் போட்டு அவன் பக்கம் தள்ளினேன். நிதானமாகச் சாப்பிட்டான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன்.