கடைவாயில் கடித்த நாண்

ஜூன் 4, செவ்வாய்

"வலது கடைவாய்ப்பல் நல்லா ஆடுது. இன்னும் வில்லை இழுத்தீங்கன்னா கழண்டு வந்துடும்" என்றார் பல் மருத்துவர். அறுவடை இயந்திரம் என் வலக்கையை எடுத்துப் பதினேழு வருடம் ஆகிறது. நாணில் கட்டிய தோல் பட்டையைக் கடைவாயில் கடித்துக்கொண்டு இடக்கையால் வில்லை முன்னே தள்ளுகிறேன். வாயைத் திறந்தால் அம்பு போகும். பல் போனால்?

இக்னாட்சியிடம் மட்டும் சொன்னேன். பன்னிரண்டு வருடமாக என் பயிற்சியாளர். "யார்கிட்டயும் மூச்சு விடாத, தெக்லா" என்றார்.

ஜூன் 13, வியாழன்

தேர்வுக் குழுச் செயலாளர் போன் செய்தார். "பல் ஆடுதாமே? ஐரோப்பியப் போட்டிக்கு உங்களை எப்படி நம்பி அனுப்புறது? கலினாவை அனுப்பலாம்னு பாக்குறோம்."

கலினா, இக்னாட்சியின் புது மாணவி. செயற்கைக் கால், இருபத்திரண்டு வயது. இருப்பது ஒரே ஓர் இடம்.

யார் சொன்னது? பல்லா எழுந்து போய்ச் சொல்லிற்று?

ஜூன் 14

இக்னாட்சியிடமே கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான்" என்றார். என் நல்லதாம்! நாசமாப் போக.

எனக்கும் கலினாவுக்கும் போட்டி வைத்துப் பாருங்கள் என்று குழுவுக்கு எழுதிச் சண்டை போட்டேன். ஒத்துக்கொண்டார்கள். ஜூலை 20, போஸ்னான் நகரில். எழுபத்திரண்டு அம்பு.

ஜூன் 30

தனியாகப் பயிற்சி. இலக்கின் நடுவில் அவருடைய வழுக்கைத் தலையை வைத்துப் பார்க்கிறேன். நன்றாகப் படுகிறது.

ஜூலை 9

மூன்று வாரமாக மசித்த உருளைக்கிழங்கும் மோரும்தான். ரொட்டியின் ஓரத்தைக்கூடக் கடிப்பதில்லை. இந்தப் பல் அவருக்காகவே இருக்கிறது.

ஜூலை 20, சனி

நான் 604. கலினா 601.

அறுபத்தெட்டாவது அம்பில் வாய்க்குள் ஏதோ உடைந்தது. ரத்தத்தை விழுங்கிவிட்டு மீதி நான்கையும் எய்தேன். பல்லைக் கைக்குட்டையில் துப்பியபோது கலினாதான் தண்ணீர் கொண்டுவந்தாள். "அக்கா, உக்காருங்க" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

இக்னாட்சி கிட்டே வரவில்லை. பரவாயில்லை, நான் போவேன்.

ஜூலை 31, புதன்

இன்று இக்னாட்சியின் பெயர் நாள், அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். பெயர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தேதி காலண்டரிலேயே இருக்கிறது, வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. அதை நம்பித்தான் போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு.

மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர். அவர் மனைவி லுத்மீவா, "வா தெக்லா, மொதல்ல சாப்பிடு" என்று கசகசா கேக்கைத் தட்டில் வைத்தாள். நான் பரிசுப் பெட்டியை நீட்டினேன். திறந்தார். பஞ்சின் மேல் பல்.



"செயலாளர்கிட்ட யார் சொன்னதுன்னு இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க."

மறுப்பார் என்றுதான் நினைத்தேன். மறுத்தால் சொல்வதற்கு ஒரு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"நான்தான் சொன்னேன்" என்றார். "கலினாவுக்கு இடம் கிடைக்கலன்னா வேற பயிற்சியாளர்கிட்டப் போயிடுவான்னு பயந்தேன். உன் நல்லதுக்குன்னு சொன்னது பொய்." பிறகு பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே இடது பக்கம் கடிக்கணும். தலை நிக்கிற விதமே மாறிடும். தனியாப் பழக முடியாது" என்றார்.

"முடியும்" என்றேன். கேக்கைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆகஸ்ட் 2

முடியவில்லை. ஐம்பது அம்பில் முப்பத்தொன்று புல்லில்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஏழு மணிக்கு இக்னாட்சி மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. "பேசக் கூடாது. அம்பு பிடுங்கிட்டு வர்றதா இருந்தா இருங்க" என்றேன். இருந்தார்.

போக எழுபது மீட்டர், வர எழுபது. பதினான்கு முறை நடக்கவிட்டேன். முழங்கால் பிடித்துக்கொண்டது என்றார். கேட்காத மாதிரி இருந்தேன். மன்னிக்கிற எண்ணம் எனக்கில்லை.

பதினைந்தாவது முறை, "தாடையைக் கொஞ்சம் எறக்கி—" என்று ஆரம்பித்தார்.

"அம்பு" என்றேன்.

நொண்டிக்கொண்டே போனார். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று தெரிகிறவரை காத்திருந்து, தாடையை இறக்கிப் பார்த்தேன்.